கண்டதைக் கண்டவாறு உரைத்த மருத்துவர் ஜேம்ஸ் ஹெரிக்

எமது கல்லூரியின் விழா மலருக்குப் பெரியார் ஒருவரின் வரலாற்றை எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் கேட்டபொழுது, நாம் புலவர் ஒருவரையோ சமயச் சான்றோர் ஒருவரையோ எடுத்துக்கொள்வோமென்றே அவர்கள் எண்ணியிருப்பர். தமிழாசிரியராகிய நாம் அமெரிக்க நாட்டு மருத்துவர் ஒருவரைத் தெரிந்தெடுத்தமைக்குக் காரணங்கள் இரண்டுள. ஒன்று, அவர் மருத்துவராவதன் முன்னர் எம்மைப் போலவே இலக்கியம் கற்றுப் பாடசாலையிற் கற்பித்தவர். மற்றையது, தமக்கு விளங்காத ஒன்றை விளங்கவில்லையென்று உலகறியச் சொன்னமையாலேயே அழியாப் புகழ் பெற்றவர். விடை தெரியாதவிடத்து எதையேனும் எழுதித் தாளை நிரப்பும் பழக்கம் மாணவர்க்கு மட்டுமன்று, கற்பிக்கும் எமக்கும் உண்டு. ஆதலின் இவ்வரலாறு இருதிறத்தார்க்கும் பயன்படுவதாகும்.

ஜேம்ஸ் பிரையன் ஹெரிக் 1861ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதம் 11ஆந் திகதி, ஐக்கிய அமெரிக்காவின் இல்லினோய் மாநிலத்திலே, சிக்காகோ நகருக்கு அணித்தாயுள்ள ஓக் பார்க் என்னும் ஊரிற் பிறந்தார். அவ்வூரில் முதன்முதற் குடியேறியோருள் ஒருவர் அவருடைய தாய்வழிப் பாட்டனார். மிச்சிகன் பல்கலைக்கழகத்திற் பயின்று 1882இற் பட்டம் பெற்ற ஹெரிக்கின் உள்ளத்தைக் கவர்ந்தது ஆங்கில இலக்கியமேயாம். ஆங்கிலக் கவிதையின் முன்னோடியாகிய சோசரின் பாடல்களில் அவர் கொண்ட காதல் வாழ்நாள் முழுதும் குறையவில்லை. எழுபது வயதிலும் தாம் சோசரைப் படிப்பது ஏனென்று ஒரு தனிக் கட்டுரையே வரைந்தார். மனிதரை உற்றுநோக்கி, ஒவ்வொருவரின் நடையுடை பாவனைகளையும் வேறுபிரித்துக் காட்டும் அப்புலவரின் திறம், நோயாளரை உற்றுநோக்க வேண்டிய மருத்துவர்க்கு உகந்த பயிற்சியன்றோ?

பட்டம் பெற்ற ஹெரிக் சில ஆண்டுகள் பாடசாலை ஆசிரியராய்ப் பணியாற்றினார். பின்னர் மருத்துவத்தில் நாட்டங்கொண்டு சிக்காகோவிலுள்ள ரஷ் மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்து 1888இற் பட்டம் பெற்றார். குக் கவுண்டி வைத்தியசாலையிற் பயிற்சி முடித்தபின், தாம் பயின்ற கல்லூரியிலேயே விரிவுரையாற்றி, 1900இற் பேராசிரியரானார். பேராசிரியரானபின் நூல்களைக் கட்டிவைத்துவிடும் இயல்பு அவரிடமில்லை. மருத்துவத்தின் எதிர்காலம் இரசாயனத்தோடு பிணைந்துள்ளதென உணர்ந்து, நாற்பது வயது கடந்த நிலையிலே மீண்டும் மாணவராகி, இளைஞர் நடுவே அமர்ந்து இரசாயனம் கற்றார். அதன்பொருட்டு ஜேர்மனிக்குஞ் சென்று எமில் பிஷர் என்னும் பேரறிஞரிடம் பயின்றார். ஆசிரியர் என்றும் மாணவரே என்பதற்கு இதனினுஞ் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

இனி, ஹெரிக்கின் பெயரை நிலைநிறுத்திய நிகழ்ச்சிக்கு வருவோம். மேற்கிந்தியத் தீவுகளுள் கிரனடா என்பது ஒரு சிறு தீவு. அத்தீவிலே நிலபுலமுள்ள குடும்பத்திற் பிறந்த உவோல்ற்றர் கிளெமென்ற் நோயெல் என்னும் கறுப்பின இளைஞர், பல் வைத்தியம் கற்கும் பொருட்டு 1904ஆம் ஆண்டிற் கடல்கடந்து சிக்காகோவை அடைந்தார். அவருக்கு அப்பொழுது வயது ஏறத்தாழ இருபது. வெயிலிலே பிறந்து வளர்ந்த அவரைச் சிக்காகோவின் கொடும்பனிக்காலம் எதிர்கொண்டது. அவ்வாண்டு திசெம்பர் மாத இறுதியில், இருமலும் காய்ச்சலும் தலைச்சுற்றும் மூச்சுவாங்கலும் மிக, அவர் பிரெஸ்பிற்றீரியன் வைத்தியசாலையை நாடினார். காலிலே புண்கள் ஆறிய தழும்புகள் இருந்தன. கண்களிலே மஞ்சள் படர்ந்திருந்தது.

அவரை முதலிற் பரிசோதித்தவர் அங்குப் பயிற்சி பெற்றுவந்த இளம் வைத்தியர் ஏர்னெஸ்ற் அயன்ஸ் என்பவர். அவர் நோயாளியின் குருதியிற் சிறுதுளி எடுத்து நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து நோக்கினார். குருதிக்குச் செந்நிறந் தருவன செங்குழியங்கள். அவை இயல்பாக வட்டத் தட்டுக்கள் போல்வன. அன்று அயன்ஸ் கண்டவற்றுட் பல நீண்டு மெலிந்து வளைந்திருந்தன. எம்மவர் வயலில் நெல்லரியும் தாக்கத்தியை ஒத்திருந்தன. உடனே அதனை வரைந்து வைத்துத் தம் மேலாளராகிய ஹெரிக்கிடம் அறிவித்தார். சிறியவர் சொன்னதென்று ஹெரிக் அதனைத் தள்ளிவிடவில்லை. குருதித்துளியைக் கண்ணாடியிற் பூசியவிடத்து நேர்ந்த பிழையாயிருக்குமோ என ஐயுற்று, மீண்டும் மீண்டும் சோதிப்பித்தார். வேறு நோயாளரின் குருதியோடும் ஒப்புநோக்கினார். அவ்வளைந்த குழியங்கள் இவ்விளைஞரின் குருதியிலே மட்டுமே காணப்பட்டன.

நோயெல் சில வாரம் வைத்தியசாலையில் தங்கி, ஓய்வும் நல்லுணவும் இரும்புச் சத்துள்ள மருந்தும் பெற்றுத் தேறினார். ஆயினும் நோய் மீண்டும் மீண்டும் வந்தது. ஏறத்தாழ இரண்டரை ஆண்டுக்காலம் ஹெரிக்கும் அயன்சும் அவரைக் கவனித்து வந்தனர். அவ்வளவு துன்பத்திற்கிடையிலும் நோயெல் கல்வியைக் கைவிட்டாரல்லர். 1907இற் பல் வைத்தியராய்த் தேறித் தம் தாயகத்துக்கு மீண்டார்.

ஹெரிக்கோ அந்நோய் யாதென்று பெயர் சொல்ல இயலாதவராயிருந்தார். நுண்கிருமியா, குடற்புழுவா, வேறொரு நஞ்சா என ஒவ்வொன்றாய் ஆராய்ந்தார். எதுவும் முற்றிலும் பொருந்தவில்லை. புகழ் வேட்கையுடையார் இவ்விடத்தே ஒரு பெயரைச் சூட்டித் தம் கொள்கையை நாட்டியிருப்பர். அஞ்சுவோர் ஏட்டை மூடியிருப்பர். ஹெரிக் இரண்டுஞ் செய்திலர். 1910ஆம் ஆண்டு நவம்பரில், அகமருத்துவ ஏடொன்றிலே, கடுஞ் சோகையுற்ற ஒருவரிடங் காணப்பட்ட விந்தையான, நீண்ட, அரிவாள் வடிவான செங்குழியங்களைப்பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். தாம் கண்டவை, செய்த சோதனைகள், எண்ணிப்பார்த்துத் தள்ளிய காரணங்கள் ஆகிய அனைத்தையும் ஒளிக்காது எழுதி, நோய் இன்னதெனத் தம்மால் துணிய முடியவில்லை என்பதனையும் அதனுள்ளே எழுதிவைத்தார்.

விளங்காததொன்றை அச்சேற்றுவதாற் பயன் யாதென வினவலாம். அடுத்த ஆண்டே வேர்ஜீனியாவில் இத்தகைய நோயாளி ஒருவர்பற்றிய செய்தி வெளிவந்தது. 1915இல் சென்ற் லூயி நகரிலிருந்து மூன்றாவது செய்தி வந்தது. 1922இல் நான்காவது நோயாளியைக் கண்ட வேர்ன் மேசன் என்பவர் அரிவாட்குழியச் சோகை என்னும் பொருள்பட இந்நோய்க்குப் பெயரிட்டார். தனித்தனியே பார்த்தவர்க்குப் புதிராயிருந்தது, ஹெரிக்கின் கட்டுரையோடு வைத்துப் பார்த்தவிடத்து ஒரு நோயாயிற்று. முதற்கல்லை நட்டவர் அவர்; மதில் எழுந்தது பின்னரே.

இதே பொறுமையை அவர் இருதயநோய் ஆராய்ச்சியிலுங் காட்டினார். இருதயத்துக்குக் குருதி கொண்டுசெல்லும் முடியுருநாடி திடீரென அடைபடின் மரணம் உடனே நேரும் என்பதே அக்கால மருத்துவர் பலரின் துணிபு. உணவருந்திச் சற்று நேரத்துள் கடும் நெஞ்சுநோவுற்ற ஐம்பத்தைந்து வயதினர் ஒருவர், அதன்பின் இரண்டு நாளுக்கு மேல் உயிர்வாழ்ந்ததை ஹெரிக் கண்டார். பிரேத பரிசோதனையில் நாடியடைப்பு உறுதிப்பட்டது. அடைப்பு நேர்ந்தும் ஒருவர் வாழலாம், தக்க ஓய்வளிப்பின் தேறவுங்கூடும் என்று 1912இல் எழுதினார். அதனை அன்று பொருட்படுத்தினார் இலர். ஹெரிக் சினந்திலர், தளர்ந்துமிலர். மின்னிருதய வரைவின் துணைகொண்டு 1918ஆம் ஆண்டளவில் மீண்டும் அதனை எடுத்துரைத்தார். அதன்பின்னரே உலகம் செவிசாய்த்தது. இன்று மாரடைப்புற்றவரை விரைந்து வைத்தியசாலைக்கு எடுத்துச் செல்லும் நாம் ஒவ்வொருவரும் அவருக்குக் கடன்பட்டவராவோம்.

அரிவாட்குழிய நோயின் மூலத்தை அறிதற்கு மேலும் பல ஆண்டுகள் வேண்டியிருந்தன. செங்குழியத்தினுள்ளே ஈமோகுளோபின் என்னும் புரதம் உண்டு; சுவாசத்தால் வரும் ஒட்சிசனை உடலெங்குங் கொண்டுசெல்வது அதுவே. ஒட்சிசன் குறையும்போது குழியங்கள் வளைகின்றன என்பதை 1927இல் ஹான், கிலெஸ்பி என்போர் காட்டினர். 1949இல் லைனஸ் போலிங்கும் அவருடன் உழைத்தோரும், இந்நோயாளரின் ஈமோகுளோபினே இயல்பானதினின்றும் வேறுபட்டதென நிறுவினர். ஒரு நோயின் வேர் ஒரு மூலக்கூற்றிலே உளதெனக் காட்டிய முதல் ஆராய்ச்சி அஃது. அதே 1949இலேதான் ஹெரிக் தம் எண்பதாண்டு நினைவுகளை நூலாக வெளியிட்டார்; அன்று குருதித்துளியை நோக்கிய அயன்ஸ் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் தலைவராய் விளங்கியதும் அவ்வாண்டிலேயே. நாற்பது ஆண்டுகட்கு முன் விளங்கவில்லையென்று எழுதிவைத்த கணக்கிற்கு, எழுதியவர் உயிரோடிருக்கவே விடை வந்தது. 1954ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், தொண்ணூற்றிரண்டு வயது நிறைந்த ஹெரிக் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

ஈமோகுளோபினிலுள்ள வேறுபாடு எத்துணைச் சிறிதென்பதை அவர் மறைந்தபின் இன்கிராம் என்னும் அறிஞர் கண்டார். அப்புரதத்தின் ஒருவகைச் சங்கிலியிலே 146 அமினோவமிலங்கள் வரிசையாய்க் கோக்கப்பட்டுள்ளன. அவற்றுள் ஆறாவது ஒன்றே மாறியுள்ளது. ஓரெழுத்து மாறச் சொல்லின் பொருள் முற்றாய் மாறுதலைத் தமிழ் கற்போர் நன்கறிவர், இதுவும் அத்தகையதே. இம்மாற்றத்தால் ஒட்சிசன் குறைந்தவிடத்துப் புரதங்கள் ஒன்றோடொன்று ஒட்டி நாராய் நீளக் குழியம் விறைத்து வளைகின்றது. வாய்க்காலிற் சருகு அடைந்தாற்போல அவை நுண்ணிய குருதிக் குழாய்களை அடைக்கின்றன. அதனால் எலும்பிலும் மார்பிலும் பொறுத்தற்கரிய நோவு எழும். மூளையில் அடைப்பு நேரின் பாரிசவாதம் வரும். இயல்பான செங்குழியம் 120 நாள் வரை வாழும். வளைந்தது 10 முதல் 20 நாளில் மடிவதாற் சோகையும் உண்டாகின்றது.

தாய் தந்தை இருவரிடமிருந்தும் மாறிய பரம்பரையலகைப் பெற்றவர்க்கே இந்நோய் வரும். ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவர் பெரும்பாலும் நலமாயிருப்பர். அதுமட்டுமன்று, அத்தகையோர் மலேரியாவின் கொடுமையினின்றும் ஓரளவு காக்கப்படுகின்றனர் என்பதை 1954இல் அலிசன் என்பார் கிழக்காபிரிக்காவில் ஆராய்ந்து காட்டினார். 1934, 1935ஆம் ஆண்டுகளில் மலேரியாவால் எண்ணற்ற உயிர்களை இழந்த எமது நாட்டினர்க்கு, அக்காப்பின் அருமையை விரித்துரைக்க வேண்டுவதில்லை. மலேரியா மிகுந்த நிலங்களில் இப்பரம்பரையலகு நிலைபெற்ற காரணம் இதுவே. இது கறுப்பின மக்களுக்கே உரியதென்ற கருத்தும் பிழையாயிற்று. தமிழகத்து நீலகிரி மலைவாழ் மக்களிடையே இக்குழியங்கள் உளவென்பதை லேமன், கற்புஷ் என்னும் ஆராய்ச்சியாளர் 1952இல் வெளிப்படுத்தினர். இந்தியாவின் பழங்குடி மக்கள் பலரிடையே இந்நோய் இன்றும் உண்டு.

நோயையும் அதன் முதலையும் அறிந்தபின்னரே அதனைத் தணிக்கும் வழியை நாடுக என்பது வள்ளுவப் பெருந்தகை மருத்துவர்க்கு வகுத்த நெறி. இந்நோயின் வரலாற்றில் அவ்வொழுங்கு பிறழாது நடந்தேறியது. இந்நோயோடு பிறந்த குழந்தைகள் முதற்சில மாதங்களில் நலமாயிருத்தலை ஜேனற் உவாற்சன் என்னும் பெண் மருத்துவர் கவனித்து, கருவிலிருக்கும் குழந்தைக்குரிய வேறுவகை ஈமோகுளோபினே அவர்களைக் காக்கின்றதென 1948இற் கருதினார். அக்காப்பு ஈமோகுளோபினை வளர்ந்தவரிடத்தும் மிகுவிக்கும் மருந்தைப் பின்வந்தோர் தேடினர். ஐதரொட்சியூரியா என்னும் மருந்து அவ்வாறு செய்வதைக் கண்டு, 299 நோயாளரைக் கொண்டு ஆராய்ந்தனர். நோவு வந்து வாட்டும் முறைகள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தமை 1995இல் வெளியாயிற்று.

குழந்தைகளைக் கொல்வது பெரும்பாலும் நோவன்று, நுண்கிருமித் தொற்றேயாம். நாள்தோறும் பெனிசிலின் கொடுத்தால் கொடிய தொற்று நூற்றுக்கு 84 பங்கு குறையுமென்பதை 1986இல் வெளிவந்த ஆராய்ச்சியொன்று காட்டியது. எளிய மருந்து, ஆனால் பிறந்தவுடனே குருதியைச் சோதித்து நோயை அறிந்தாலன்றிப் பயனில்லை. மூளைக் குருதிக்குழாய்களை ஒலியலையால் நோக்கிப் பாரிசவாத ஆபத்துள்ள பிள்ளைகளைக் கண்டு, அவர்க்கு ஒழுங்காய்க் குருதியேற்றின் அவ்வாபத்துப் பெரிதும் நீங்கும் என்பது 1998இல் தெளிவாயிற்று. உடன்பிறந்தார் முதலியோரின் என்புமச்சையை மாற்றிப் பொருத்தலால் முற்றாய்க் குணமடைந்தோரும் உளர். 2023ஆம் ஆண்டின் இறுதியிலோ, நோயாளியின் சொந்த என்புமச்சைக் கலங்களில் பரம்பரையலகைத் திருத்தி, கருவிற்குரிய ஈமோகுளோபினை மீண்டும் தோற்றுவிக்கும் சிகிச்சை பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் அனுமதிக்கப்பட்டது.

இவ்வெற்றிகளைக் கண்டு மகிழும் நாம் மற்றொரு பக்கத்தையும் மறைத்தல் ஆகாது. நோயின் மூலம் 1949இலேயே அறியப்பட்டும், அமெரிக்க அரசு இதற்கெனத் தனிச்சட்டம் இயற்றியது 1972இலேதான். நோயாளர் பெரும்பாலும் கறுப்பின மக்களாயிருந்தமையால் அவர்தம் நோவு நம்பப்படாமலும் பொருட்படுத்தப்படாமலும் போன காலம் நெடியது. புதிய சிகிச்சைக்கு அமெரிக்காவிற் குறித்த விலை 22 இலட்சம் டொலர். இந்நோயோடு பிறக்கும் குழந்தைகளுட் பெரும்பாலோர் ஆபிரிக்காவின் வறிய நாடுகளிற் பிறக்கின்றனர். அவர்களுட் பலர்க்குப் பெனிசிலின்கூடக் காலத்தில் எட்டுவதில்லை. அறிவு பெருகியது, அதனை அளிக்கும் கை இன்னும் நீளவில்லை.

நோயெல் என்னும் அம்மாணவருக்கு யாது நேர்ந்தது? கிரனடாவின் தலைநகரிற் பல் வைத்தியராய்த் தம் மக்களுக்குத் தொண்டாற்றி வந்த அவர், 1916இல் நியூமோனியாக் காய்ச்சலால் தமது முப்பத்திரண்டாம் வயதில் இறந்தார். தம் குருதி மருத்துவ நூல்களில் இடம்பெற்றதால் விளைந்த பயனெதுவும் அவர்க்குக் கிட்டவில்லை. மருத்துவ வழக்கப்படி ஹெரிக்கின் கட்டுரையில் அவர் பெயரும் இல்லை. எண்பது ஆண்டளவு கழிந்து, 1989இலேயே வரலாற்றாய்வாளர் அவர் யாரெனத் தேடி உலகுக்கு உரைத்தனர். நோயைக் கண்டவரின் பெயர் ஓங்கி நிற்க, நோயைச் சுமந்தவரின் பெயர் அத்துணைக் காலம் மறைந்து கிடந்தது. ஆதலால் ஹெரிக்கைப் போற்றும்போது, முதலிற் கண்ட அயன்சையும், துன்புற்ற நோயெலையும் உடன்வைத்துப் போற்றுதலே முறையெனக் கொள்கிறோம். ஹெரிக்கைப்போல் உண்மையை விரும்பிய ஒருவர் அதனை மறுக்கார்.

அன்புள்ள மாணவர்களே, உங்களுட் சிலர் மருத்துவராகலாம். பலர் வேறு தொழில்களை மேற்கொள்ளலாம். எத்துறையிற் சென்றாலும் உங்கள் கண்முன் ஒருநாள் விளங்காத ஒன்று வந்து நிற்கும். அதனை இளையவர் ஒருவர் காட்டினும் இகழாது நோக்குக. பிழையோவென மீண்டுஞ் சோதிக்க. விளங்கினால் சொல்லுக, விளங்காவிடின் அதனையும் மறையாது எழுதிவைக்க. உங்கள் பின்வருவோர் அதனை எடுத்துப் படிப்பர். பழைய மாணவராகிய பெரியோர்க்கோ ஒன்று விண்ணப்பிப்போம். இக்கல்லூரியின் வாயிலைக் கடந்து பிறநாடுகளிற் கற்கச் சென்று, நோயோடும் குளிரோடும் தனிமையோடும் போராடும் எம் பிள்ளைகளும் உளர். நோயெலைப்போல் அவருட் சிலர் திரும்பிவந்து தொண்டாற்றுவர். அவர்களை நீங்கள் எங்கு காணினும், அவர்தம் பெயரை அறிந்து, நலங் கேட்டு, வேண்டுவன செய்து துணை நிற்பீர்களாக.

கண்டதைக் கண்டவாறு உரைத்த ஹெரிக்கின் நேர்மை எம் மாணவர் உள்ளத்தில் வேரூன்றுக. எமது கல்லூரி நீடு வாழ்க.